நரை கண்ட பின்னும் ஆடுகளம்

நம் இல்லங்களில் ஞாயிற்றுக்கிழமைதோறும் எழும் ஒரு சிறு வழக்கை இம்மாதம் விசாரணைக்கு எடுத்துக்கொள்வோம். வாதி இல்லத்தரசி. பிரதிவாதி ஐம்பது வயதைக் கடந்துவிட்ட கணவர். தடயப் பொருள்கள்: ஒரு வெள்ளைக் கால்சட்டை, ஒரு சோடிக் கான்வாஸ் காலணி, மட்டையின் கைப்பிடி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பழைய பை. இந்த வயதில் கிரிக்கெட் எதற்கு என்பது குற்றச்சாட்டு. போன முறை கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு பத்து நாள் நொண்டி நடந்தது சாட்சியம். வளர்ந்த மகன் வாய் திறப்பதில்லை. தன் நண்பர்களின் முன்னே தந்தை ஓர் எளிய பந்தை நழுவவிடுவதைக் காண அவனுக்கு வெட்கம். அதைச் சொல்லவும் வெட்கம்.

இவ்வழக்கு சில வேளைகளில் பங்குத் தந்தையர் வரையிலும் வருவதுண்டு. சிரித்து அனுப்பிவிடுவது எளிது. ஆனால் நம் புதுவை நகரைப் பொறுத்தமட்டில் இதற்குள் வேறொரு செய்தி அடங்கியிருக்கிறது. அதைப் பாராமல் தீர்ப்புச் சொல்வது நேர்மையாகாது.

சென்னையில் ஆங்கிலேயர் 1846ஆம் ஆண்டிலேயே கிரிக்கெட் கழகம் கண்டுவிட்டனர். நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரருக்கோ அவ்விளையாட்டு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. (1900ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் பிரான்சு நாடு கிரிக்கெட்டில் இரண்டாமிடம் பெற்றது உண்மையே. அவ்வணியில் ஆடியவர்களுள் பெரும்பாலோர் அங்கே குடியிருந்த ஆங்கிலேயர் என்பதும், போட்டியிட்டவை இரண்டே அணிகள் என்பதும் அதனுடன் சேர்த்துச் சொல்லவேண்டியவை.) 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது, 1962ஆம் ஆண்டு சட்டப்படியும் இணைப்பு நிறைவேறியது. ஆயினும் கிரிக்கெட்டில் மட்டும் புதுவை தனித்தே நின்றது. 1934இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தொடங்கிய ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் புதுவையின் பெயர் தாங்கிய அணி ஒன்று இறங்குவதற்கு 2018ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஒரே நேரத்தில் ஒன்பது புதிய அணிகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம்முடையது.

இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நிறுத்தி எண்ணிப் பார்ப்போம். 1970ஆம் ஆண்டளவில் நம் ஊரில் பிறந்த ஒருவர் உப்பளம் பக்கத்திலோ லாசுப்பேட்டை மேட்டிலோ பந்து பொறுக்கி ஆடத் தொடங்கியிருப்பார். பதினெட்டு வயதில் நன்றாகவே பந்து வீசியிருப்பார். தம் ஊரின் பெயரால் தேர்வு பெறுவதற்கு அந்நாளில் புதுவைக்கென ஓர் அணி இல்லை. ஒன்று, வேறு ஊருக்குச் சென்று வாய்ப்புத் தேடவேண்டும். இல்லையேல் கழக ஆட்டத்தோடு மனநிறைவு கொள்ளவேண்டும். பெரும்பாலோர் இரண்டாவதையே கொண்டனர். அரசு அலுவலகத்திலோ, ஆலையிலோ, பள்ளியிலோ வேலை. ஞாயிறு தோறும் ஆட்டம். கைக்காசு போட்டுப் பந்து வாங்கினர். பாய் விரித்து ஆடுகளம் அமைத்தனர். ஊருக்கு ஏணி வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த ஏணியில் அவர் கால் வைக்கப் போவதில்லை. வீட்டில் நாம் கேலி செய்யும் அந்தப் பழைய பைக்குள் இதுவும் இருக்கிறது.

ஆகவே அவர் ஏன் இன்னும் ஆடுகிறார் என்று வியப்பதற்கில்லை. எவ்விடத்தில் நின்று ஆடவேண்டும் என்பதே கேள்வி. ஏனெனில் அதே 2018ஆம் ஆண்டு இன்னொன்றையும் மாற்றிவிட்டது. முன்பு ஒரு கழக அணியின் பதினோராவது இடம் யாருக்குப் போனாலும் பெரிய இழப்பு எவருக்கும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையின் இன்பம்தான் இழப்பு. இன்றோ பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் தொடர்ந்து ஆடி ஓட்டம் குவித்தால் வயதுப் பிரிவு அணிகளுக்கும், அதன்பின் புதுவை அணிக்கும் தேர்வு பெற வழி உண்டு. துத்திப்பட்டு மைதானத்தில் வெளி மாநில அணிகள் வந்து ஆடுகின்றன. எனவே தந்தைக்குக் கிட்டாத ஏணி மகனுக்குக் கிட்டியிருக்கும் இந்நாளில், தந்தை பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தின் விலை உயர்ந்துவிட்டது. இதனை ஆடுவோர் பலர் உணர்வதில்லை. உணர்ந்தவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கழகத் தலைவர்களின் இக்கட்டு நமக்குப் புரிகிறது. ஐம்பத்து நான்கு வயது ஆட்டக்காரர் அக்கழகத்தைத் தொடங்கியோருள் ஒருவராக இருப்பார். சாமான் பை அவர் வீட்டில்தான் இருக்கும். மைதானத்துக்கு அனுமதி வாங்கத் தாள் எழுதுபவரும், மழை வந்தால் பாயைச் சுருட்ட முதலில் ஓடுபவரும் அவரே. அவரை நோக்கி, அண்ணா, இன்று நீங்கள் வெளியே அமருங்கள் என்று இருபத்தைந்து வயதுத் தலைவன் எவ்வாறு சொல்லுவான்? சொல்லாமல் சிறுவனை அமரவைத்துவிடுகிறான். சிறுவன் நான்கு வாரம் பார்ப்பான். ஐந்தாம் வாரம் வரமாட்டான். சண்டை இல்லை, சொல் இல்லை. ஓர் இளைஞனை இழந்துவிட்டோம். பங்குகளில் இளைஞர் இயக்கங்களை நடத்தும் நமக்கு இவ்வகை இழப்பு புதிதன்று. பாடகர் குழுவிலும் பக்த சபைகளிலும் இதே கதை நடப்பதை நாம் அறிவோம்.

அப்படியானால் முதியவர் விலகிவிட வேண்டியதுதானா? அவ்வாறு தீர்ப்புக் கூற நமக்கு மனமில்லை; அதற்குக் காரணமும் உண்டு. 2018இல் புதுவை அணி முதன்முதலாக இறங்கியபோது அதற்குத் தோள் கொடுக்க வரவழைக்கப்பட்டவர்கள் யார்? இந்தியாவுக்காக இரண்டு டெஸ்ட் ஆட்டங்கள் ஆடிய பங்கஜ் சிங்கிற்கு அப்போது வயது முப்பத்து மூன்று. மும்பையிலிருந்து வந்த அபிஷேக் நாயருக்கு முப்பத்தைந்து. அடுத்த ஆண்டு கர்நாடகத்திலிருந்து வந்த வினய் குமாருக்கும் முப்பத்தைந்து. தொழில்முறைக் கிரிக்கெட்டில், குறிப்பாக வேகப்பந்து வீச்சாளருக்கு, இது அந்திப் பொழுது. வெளியூராரை ஏன் கொணர்ந்தனர் என்று உள்ளூரில் முணுமுணுப்பு எழுந்தது உண்மை. அது நியாயமான முணுமுணுப்பும் ஆகலாம். எனினும் வெறும் இளைஞரைக் கொண்டே ஓர் அணியைக் கட்டிவிட முடியாது என்பதை அவ்வணி அமைந்த முறையே காட்டிற்று. பந்து பழசானபின் எங்கே குத்தவேண்டும், எதிரி பொறுமை இழக்கும் தருணம் எது என்பவற்றைப் புத்தகத்தில் படித்து அறிய இயலாது. பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டே அறியவேண்டும்.

வயது முதிர்ந்தும் ஆடியவர்களின் வரலாற்றைப் புரட்டினால் சில வியப்பான பெயர்கள் எதிர்ப்படும். இந்தியாவின் முதல் டெஸ்ட் அணிக்கு 1932இல் தலைமை தாங்கிய சி. கே. நாயுடு தம் அறுபத்தோராம் வயதில் உத்தரப் பிரதேசத்துக்காக ரஞ்சிப் போட்டியில் ஆடினார். அறுபத்தெட்டு வயதில் முதல் தர ஆட்டம் ஒன்றில் இறுதியாக இறங்கினார். அவரையும் மிஞ்சியவர் பம்பாய் மாகாண ஆளுநராயிருந்த ராஜா மகாராஜ் சிங். இந்தியக் கிறிஸ்தவர்களின் தலைவர்களுள் ஒருவராகவும், நாட்டின் முதல் சுகாதார அமைச்சர் அமிர்த கௌரின் தமையனாகவும் அறியப்பட்டவர். 1950ஆம் ஆண்டு நவம்பரில், தம் எழுபத்திரண்டாம் வயதில், காமன்வெல்த் அணிக்கு எதிராக ஆளுநர் அணியின் தலைவராக முதல் தர ஆட்டத்தில் இறங்கினார். அதுவே அவருக்கு முதல் ஆட்டம். அதுவே கடைசி ஆட்டமும். எடுத்தது நான்கு ஓட்டம். அவரை வீழ்த்தியவர் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர். ஆளுநர் பதவி இல்லாதிருந்தால் அவருக்கு அவ்விடம் கிடைத்திருக்குமா என்று வாசகர் கேட்டால், கிடைத்திராது என்றே நாமும் சொல்வோம். நம் கழகங்களிலும் அத்தகைய சிறு ஆளுநர்கள் இல்லாமலில்லை.

நமக்கு மிகவும் பிடித்தவர் இங்கிலாந்தின் வில்பிரட் ரோட்ஸ். 1899இல் டெஸ்ட் ஆட்டத்தில் அவர் நுழைந்தது இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராக; மட்டை பிடித்து இறங்கியது கடை வரிசை ஆளாக. அதே ஆட்டம் ஐம்பது வயது நிரம்பிய டபிள்யூ. ஜி. கிரேசுக்குக் கடைசி டெஸ்ட். பின்னர் ரோட்ஸ் படிப்படியாக மேலேறி, 1912இல் மெல்போர்னில் ஜாக் ஹாப்சுடன் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி முதல் விக்கெட்டுக்கு 323 ஓட்டம் சேர்த்தார். ஆண்டுகள் ஓடின. மீண்டும் கீழே இறங்கிப் பந்து வீச்சாளராகவே ஆனார். 1926இல் நாற்பத்தெட்டு வயதில் ஓவல் மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டாம் இன்னிங்சில் ஆஸ்திரேலியாவின் நான்கு விக்கெட்டுகளை 44 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். 1930 ஏப்ரலில் ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டனில் அவர் கடைசி டெஸ்டில் ஆடியபோது வயது ஐம்பத்திரண்டு. டெஸ்ட் ஆடியவர்களுள் அவரே மூத்தவர். ஏறத் தெரிந்ததுபோல் இறங்கவும் தெரிந்த மனிதர். முதுமையில் பார்வை முற்றிலும் போய்விட்ட பின்னும் மைதானத்துக்கு வந்து அமர்ந்து, மட்டையில் பந்து படும் ஓசையைக் கொண்டே ஆட்டத்தைத் தொடர்ந்தாராம்.

இனி உடலைப் பற்றிச் சிறிது பேசவேண்டும். ஏனெனில் வாதியின் கட்சி பெரிதும் இதன்மேல் நிற்கிறது. இருபத்திரண்டு கெசத் தொலைவை ஒரு சாதாரணக் கழக வீச்சாளரின் பந்து அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கடந்துவிடும். அதற்குள் கண் காணவேண்டும், மனம் முடிவெடுக்கவேண்டும், கால் நகரவேண்டும். ஐம்பது வயதில் முதலில் மோசம் செய்வது மனமன்று; எதிர்ப்பார்ப்பில் முதியவன் இளையவனை வெல்வதும் உண்டு. மோசம் செய்பவை கண்ணும் காலும். நாற்பதுக்குமேல் செய்தித்தாளைத் தள்ளிப் பிடிப்பது எல்லாரும் அறிந்தது. மாலை மங்கும் வேளையில் கண்ணுக்குள் செல்லும் ஒளி குறைந்து, சிவப்புப் பந்து புலப்படத் தாமதமாவது அவ்வளவாக அறியப்படாதது. நான்கு மணிக்கு நன்றாக ஆடியவர் ஐந்தரைக்குத் தடுமாறுவதன் காரணம் இதுவே. காலைப் பொறுத்தவரையில், ஆபத்து ஓட்டத்திலன்று, திடீர் ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டு ஒரு பந்துக்காகப் பாயும் அந்த முதல் மூன்று அடிகளில்தான் கெண்டைத் தசையும் தொடையின் பின்தசையும் கிழிகின்றன.

இவ்விடத்தில் தலைவர்கள் செய்யும் ஒரு வேடிக்கையைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஓடமுடியாதவர் என்று பெரியவரை ஸ்லிப்பில் நிறுத்திவிடுகிறார்கள். ஓடவேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் மைதானத்திலேயே மிக விரைவாகவும், மிகக் குறைந்த அவகாசத்திலும் பந்து வருவது அவ்விடத்துக்கே. பெரியவர் விரலை முறித்துக்கொண்டு வீடு திரும்ப, வழக்கில் புதிய சாட்சியம் ஒன்று சேர்கிறது.

நம் கடற்கரை ஊரின் புழுக்கத்தையும் மறத்தலாகாது. மே மாதத்து வெயிலைவிடக் காற்றின் ஈரமே கொடியது. வியர்வை உலராமல் உடல் சூடு உள்ளேயே தங்கிவிடும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்போர் நம்மிடையே பலர். அவற்றுள் சில வகை, சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரையும் உப்பையும் வெளியேற்றுபவை. அம்மாத்திரையை விழுங்கிவிட்டு உச்சிப் பொழுதில் பத்து ஓவர் பந்து தடுக்க நிற்பது அறியாமை. மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளவேண்டும். நெஞ்சில் இறுக்கமோ, இடத்தோளில் வலியோ, காரணமற்ற மூச்சுத் திணறலோ தோன்றினால் அந்த ஓவர் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நாணம் பார்த்துக் காத்திருந்தவர்களின் அடக்கப் பூசையை நிறைவேற்றும் துயரம் குருக்களுக்கு வாய்க்காமலில்லை.

சட்டமும் முதியவருக்கு ஓரளவே இரங்குகிறது. மட்டையாளருக்குப் பதில் ஓட வேறொருவரை அனுப்பும் வழக்கத்தைப் பன்னாட்டு ஆட்டங்களில் 2011இல் நீக்கிவிட்டார்கள். கழக ஆட்டங்களுக்கான பொது விதியில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் ஆட்டத்தின்போது காயமடைந்தவருக்கு மட்டுமே. முழங்கால் தேய்வு இருபது ஆண்டாக இருக்கிறது என்று நடுவரிடம் முறையிட்டால் அவர் அனுதாபப்படுவார், அனுமதிக்கமாட்டார்.

ஓடமுடியாதவனுக்கு ஆட்டமே இல்லையா என்னும் கேள்விக்கு இன்னொரு விளையாட்டு மிக அழகாக விடை கண்டது. அவ்விடை பிரான்சிலிருந்து கப்பலேறி நம் ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மார்செய் துறைமுகத்துக்கு அருகே லா சியோத்தா என்னும் சிற்றூர். அங்கே குண்டு எறியும் ஆட்டத்தில் சில அடிகள் ஓடிவந்து எறிவது அந்நாளைய முறை. ஜூல் லெனுவார் என்று அழைக்கப்பட்ட பழைய ஆட்டக்காரர் ஒருவர் வாதநோயால் ஓட இயலாதவரானார். வேடிக்கை பார்க்க மட்டுமே அவருக்கு இடமிருந்தது. நண்பர்கள் ஆட்டத்தையே மாற்றினர்: தரையில் ஒரு வட்டம், அதனுள் இரு காலும் ஊன்றி நின்றபடி எறியவேண்டும். அவர் ஒருவருக்கு மட்டுமன்று, எல்லாருக்கும் அதே விதி. 1910இல் அவ்வூரில் முதல் போட்டி நடந்தது. கால்களை ஊன்றி நிற்றல் என்னும் பொருள்படும் புரோவென்சு நாட்டுச் சொற்களிலிருந்தே பெத்தாங் என்னும் பெயர் பிறந்தது.

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றுத் திரும்பிய நம் ஊர் முதியவர்களுக்கு இது நன்கு பழகிய ஆட்டம். ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் ஒரு சிறு மரக்குண்டு. அதன் அருகே யார் இரும்புக் குண்டு நெருங்கி விழுகிறதோ அவருக்குப் புள்ளி. பதின்மூன்று புள்ளியில் ஆட்டம் முடியும். குண்டின் எடை முக்கால் கிலோ அளவில். குனிந்து எடுக்க முடியாதவர்கள் கயிற்றில் கட்டிய காந்தத்தால் தூக்கிக்கொள்கிறார்கள். எழுபது வயதுக்காரர் இருபது வயதுக்காரனைத் தோற்கடிப்பது அங்கே செய்தியே அன்று. அளவெடுக்கும்போது எழும் சச்சரவுகள் வயது வேறுபாடு பாராதவை.

கிரிக்கெட்டை அவ்வாறு முழுவதும் மாற்ற இயலாது. வட்டத்துக்குள் நின்று ஓட்டம் எடுப்பது எப்படி? ஆனால் கிரிக்கெட்டும் மெல்ல ஒரு வாயில் திறந்திருக்கிறது. முதியவரை முதியவரோடு ஆடவிடுதலே அது. இங்கிலாந்தில் அறுபதைக் கடந்தோர்க்கும் எழுபதைக் கடந்தோர்க்கும் தனித்தனிப் போட்டிகள் முறையாக நடக்கின்றன. ஐம்பது வயதைக் கடந்தோர்க்கான முதல் உலகக் கோப்பை 2018 நவம்பரில் சிட்னியில் நடந்தது. நம் புதுவைக்கு ஏணி கிடைத்த அதே ஆண்டு. அறுபதைக் கடந்தோர்க்கான உலகக் கோப்பை 2024இல் நமக்கு மிக அண்மையில், சென்னையிலேயே நடைபெற்றது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் தத்தம் நாட்டுச் சட்டை அணிந்து இறங்கினார்கள். எந்தச் சிறுவனின் இடமும் அங்கே பறிபோகவில்லை.

எனவே நம் எண்ணம் இது. தேர்வுக்குரிய சங்க ஆட்டங்களில் ஐம்பதைக் கடந்தவர் தாமாகவே இடம் விடட்டும். இளைய தலைவனைச் சொல்லவைக்கவேண்டாம். அந்நாள்களில் அவர் நடுவராக நிற்கலாம், கணக்கேடு எழுதலாம், வலைப்பயிற்சியில் பழைய பந்தை வீசிக் காட்டலாம். ஆனால் ஆண்டில் சில நாளேனும் அவருக்கென ஓர் ஆட்டம் வேண்டும். மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள். வெயில் தணிந்திருக்கும், மழையும் பெரும்பாலும் விட்டிருக்கும். காலைத் திருப்பலி முடிந்து ஏழரைக்குத் தொடங்கி, இருபது ஓவர் வீதம் ஆடிப் பதினொன்றரைக்குள் முடித்துவிடலாம். நாற்பத்தைந்தைக் கடந்தோர் மட்டும். எவரும் இரண்டு ஓவருக்குமேல் வீசவேண்டாம். இருபத்தைந்து ஓட்டம் எடுத்தவர் அடுத்தவருக்கு மட்டையைத் தரட்டும். இரு அணியும் முன்கூட்டி ஒப்புக்கொண்டால் எவர்க்கும் பதிலாக ஓட ஆள் வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு ஓட மகன்களையே அழைத்தால் என்ன? உப்பளத்திலும் லாசுப்பேட்டையிலும் இதற்கு மைதானத்துக்குக் குறைவில்லை. கழகங்கள் இரண்டு மூன்று கூடிப் பேசினால் வரும் மார்கழியிலேயே தொடங்கிவிடலாம்.

இல்லத்தரசிக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டுக்காக முன்னாளில் ஆடிய விக்கெட் காப்பாளர் அலெக்ஸ் ஸ்டீல் என்பவர் 2023ஆம் ஆண்டு, தம் எண்பத்து மூன்றாம் வயதில், தம் பழைய கழகத்துக்காக இறங்கினார். நுரையீரல் நோயால் மூச்சு குன்றியவர். முதுகில் உயிர்வளிக் குப்பி ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதிலிருந்து மூக்குக்குக் குழாய் செல்ல, கையுறை அணிந்து விக்கெட்டுக்குப் பின்னே நின்றார். வந்த பந்துகளைப் பிடிக்கவும் செய்தார்.